சுவரில் அக்காவின் கோடு

முந்தின தீபாவளிக்கு நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். நல்ல காரியம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். தாசேக் கெலுகோரில் தனியாக இருக்கிற என் அக்கா வீட்டுக்கு இரண்டு டின் வெள்ளைச் சாயம் வாங்கிக்கொண்டு போய், நானே அடித்துக் கொடுத்தேன். படுக்கையறைக் கதவிலிருந்து சமையற்கட்டைத் தாண்டிக் குளியலறை வரைக்கும் சுவரில் ஓர் அழுக்குக் கோடு ஓடியது. என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, ஒரு சாண் அகலம், மஞ்சளும் எண்ணெயும் கலந்த பழுப்பு. மழை ஈரம் ஏறின கறை என்று முடிவு கட்டினேன். ஈரம் தரையிலிருந்துதானே ஏறும், அந்தரத்தில் எப்படி நேர்கோடு போடும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. இரண்டு பூச்சு அடித்தேன்.

“எப்படி அக்கா? ஹோட்டல் மாதிரி இல்ல?”

“ஹோட்டல்தான்டா. இனிமே நான் ரூம் வாடகை குடுக்கணும் போல” என்றாள்.

அந்தக் கோடு ஈரம் இல்லை, அவள் கை. எத்தனையோ மாதமாகச் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து விழுந்த தடம். அது எனக்குத் தெரியவந்தது பிறகு.

இதில் வெட்கம் என்னவென்றால், கால்களைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஜோர்ஜ்டவுனிலிருந்து பாயான் பாருவுக்குத் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறேன். கதவுப் பக்கத்துக் கண்ணாடியில் ஓட்டுநருக்கு முதலில் தெரிவது முகம் இல்லை, கால்தான். படியேறுகிற காலைப் பார்த்தே யாருக்கு முட்டி போய்விட்டது, யார் செருப்பு மாற்ற வேண்டும் என்று சொல்லிவிடுவேன். “அண்ணே, நீங்க டிரைவரா டாக்டரா?” என்று பெண்கள் கேலி பண்ணுவார்கள். என் பேருந்தில் வரும் ஓர் அம்மா அடிக்கடி சொல்வார்: “ஊரைப் பாக்க ரெண்டு கண்ணு, வீட்டைப் பாக்க அரைக் கண்ணு.” அந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்துப்போய் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். எனக்காகவே சொன்னது என்று அப்போது தெரியவில்லை.

எனக்கு வயது ஐம்பத்தெட்டு. அக்காவுக்கு அறுபத்தொன்பது. பதினாறு வயதில் ரப்பர் தோட்டத்தில் பேர் பதிந்து பால்மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கப் போனவள். தோட்டத்தை விற்ற பிறகு, எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கினாள். மாமா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. என் முதல் பள்ளிக்கூடக் காற்சட்டை அவள் சம்பளத்தில் வாங்கினது. முட்டியைத் தாண்டித் தொங்கும். நான் சிணுங்கினால், “அடுத்த வருசத்துக்கும் ஆகும்டா, நில்லு” என்று இடுப்பில் கயிறு போட்டு இழுத்துக் கட்டுவாள். ஆறாம் வகுப்பு முடிகிற வரைக்கும் எனக்கு அளவான காற்சட்டை என்று ஒன்று இருந்ததே இல்லை.

பொங்கல் கழிந்து இரண்டாவது வாரம் அவள் விழுந்தாள். காலைத் தேநீருக்குத் தண்ணீர் பிடிக்கக் குழாயைத் திறந்துவிட்டு, குளியலறைப் பக்கம் திரும்பியபோது கால் மடங்கிவிட்டது. என் புதுச் சாயத்தில் கை வழுக்கிவிட்டதா என்று இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். “சாயம் என்னடா பண்ணுச்சு, என் காலுதான்” என்கிறாள். நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கிறது.

மதியம் வரைக்கும் தரையிலேயே கிடந்தாள். வாசல் கால்வாயில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறதே என்று பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா வந்து பார்த்து, பின்கதவைத் தள்ளி உள்ளே போயிருக்கிறார். இடது மணிக்கட்டு ஒடிந்திருந்தது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அக்கா சொன்னது இதுதான்:

“கை ஒடிஞ்சது பெரிசில்ல தம்பி. தரையில கெடந்துகிட்டு, எந்திரிக்க வழி தெரியாம, மோட்டுவளையப் பாத்துகிட்டே இருந்தேன் பாரு. அதுதான் என்னமோ மாதிரி ஆயிருச்சு.”

டாக்டர் வந்து, இதற்கு முன் விழுந்திருக்கிறீர்களா என்று மலாயில் கேட்டார்.

“இல்லவே இல்ல” என்றாள் அக்கா.

கட்டிலுக்குப் பின்னால் நின்ற மலாய்க்காரம்மா சத்தமில்லாமல் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார்.

அக்கா பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வளர்ந்த பழக்கம் அது. விழுந்தேன், வலிக்கிறது என்று சொன்னால் மரம் வெட்டுகிற வேலையிலிருந்து எடுத்துப் புல் பிடுங்கப் போட்டுவிடுவார்கள். அவளுடைய நிரையை, அவளுக்கென்று விட்ட மர வரிசையை, இன்னொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் காய்ச்சலோ சுளுக்கோ, கேட்டால் “ஒன்னுமில்லங்க ஐயா” என்பதுதான் அங்கே எல்லாருக்கும் மனப்பாடம். “வலிக்குதுன்னு வாயால சொல்லக்கூடாதுடா, சொன்னா அது வந்து பக்கத்துல உக்காந்துக்கும்” என்பாள். சொல்லாவிட்டாலும் அது வந்து உட்கார்ந்துதான் இருந்திருக்கிறது.

எலும்பு ரொம்ப மெலிந்துபோயிருக்கிறது என்றார் டாக்டர். எலும்பு மட்டும் இல்லை, தொடைச் சதையும் கரைந்துவிட்டது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். தேத்தண்ணி, ரொட்டி, சோறு, கொஞ்சம் மிளகாய்ச் சம்பல். முட்டை, பருப்பு, மீன்?

“ஒத்த வயித்துக்கு ஒரு குழம்பா, டாக்டர்?” என்று அவள் தமிழிலேயே கேட்டுவிட்டாள். நான் மலாயில் மொழிபெயர்த்தேன். டாக்டர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

அக்காவை ஜோர்ஜ்டவுனில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டிவந்தோம். பதினொன்றாவது மாடி. இங்கேதான் நானும் என் மனைவியும் இரண்டாவது நல்ல காரியத்தைச் செய்தோம். அக்காவை மகாராணி ஆக்கினோம். தண்ணீர் கேட்டால் கையில், சோறு மடியில். எழுந்தால் நான் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். கூட்டுமாறைத் தொட்டால் என் மனைவி பிடுங்கிவிடுவாள். “நீங்க உக்காருங்க அண்ணி, நீங்க பட்ட பாடு போதும்.” புதிதாக ஒரு சோபா வேறு வாங்கினேன். உட்கார்ந்தால் ஆளையே முழுங்குகிற மாதிரி மெத்தை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் எங்களைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை நன்றாகக் கூடியிருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அக்கா சோபாவிலிருந்து எழப் பார்த்தாள். முடியவில்லை. மறுபடி பார்த்தாள். ஓர் ஆட்டம் ஆடிப் பின்னால் சாய்ந்தாள். முதலில் நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். மூன்றாம் முறை யாரும் சிரிக்கவில்லை.

“கைய ஒடிச்சுகிட்டு வந்தேன்” என்றாள் மெதுவாக. “காலப் பிடுங்கிட்டீங்களேடா.”

“உட்கார்ந்து தின்றால் மலையும் கரையும்” என்று எத்தனை தடவை பேருந்தில் பேசியிருப்பேன்! சொத்தைப் பற்றிய பேச்சு என்றே நினைத்திருந்தேன். அன்றைக்கு அக்காவின் கைலிக்குள்ளே குச்சியாகத் தெரிந்த தொடையைப் பார்த்தபோதுதான், சதைக்கும் அதே விதிதான் என்று புரிந்தது. என் மனைவி அன்றைக்குச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்: “பாசம் மெத்தை மாதிரிங்க. ரொம்ப நேரம் படுத்தா அதுவே முதுக ஒடிச்சிரும்.”

அந்த வாரத்திலிருந்து அக்காவுக்கு ஒரே பேச்சுத்தான். “எப்ப என்னைய வீட்டுல கொண்டுபோய் விடுவ?” அங்கே அவளுக்குக் கறிவேப்பிலை மரம் இருக்கிறது, மாமாவின் படம் இருக்கிறது, வேலிக்கு மேலே பேச மலாய்க்காரம்மா இருக்கிறார். இங்கே பதினொன்றாவது மாடியில் காற்றுதான் இருக்கிறது. நாள் முழுக்கக் கேட்டால் மனிதனுக்கு எரிச்சல் வராதா? ஒருநாள் சொல்லிவிட்டேன்:

“தரையில விழுந்தா யாரு தூக்குவா? நீயா என்னைக்குத் தரையிலேருந்து எந்திரிக்கிறியோ, அன்னைக்கு விடறேன்.”

அவள் வாயை அடைக்கச் சொன்னது. நடக்காது என்று தெரிந்தே சொன்னது. ஆனால் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“பேச்சு மாறமாட்டியே?”

“மாறமாட்டேன்லா.”

“ஏ புள்ள, நீ சாட்சி” என்று என் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

அப்புறம் வாராவாரம் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி. சொல்லிக்கொடுப்பவர் நாற்பது வயதுச் சீனப் பெண். “பெலான் பெலான், அம்மா” என்று மெல்ல மெல்லச் செய்யச் சொல்லி மலாயில் எண்ணுவார். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ வேண்டும், உட்கார வேண்டும். முதல் வாரம் இரண்டு முறை. மூன்றாம் வாரம் ஐந்து. வீட்டில் என் மனைவி சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு மர நாற்காலி போட்டாள். தினமும் இரண்டு முட்டை, பருப்பு, நெத்திலி. “தண்ணி வேணும்னா சமையக்கட்டுல இருக்கு அண்ணி” என்று சொல்லிவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று, அக்கா போய் எடுத்துக் குடிக்கிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள்.

எலும்புக்கு வாரத்துக்கு ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, நிமிர்ந்தே இருக்க வேண்டும். உட்கார்ந்தும் இருக்கலாம்தான். ஆனால் அக்கா ஜன்னலோரம் நின்றுகொண்டே இருப்பாள். விடியற்காலையில் கிராணி என்கிற தோட்டத்துக் கணக்கர் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுவதற்குத் தோட்டத்தில் வரிசையாக நிற்பார்களே, அந்தப் பெரட்டில் நிற்கிற மாதிரி. “இந்த மாத்திரைக்கு கிராணி புத்தி. நிக்க வச்சுத்தான் கணக்குப் பாக்குது” என்பாள்.

ஆனால் தரைதான் அவளை மிரட்டியது. தரையிலிருந்து எழுவதற்கு ஒரு முறை சொல்லிக்கொடுத்தார்கள். ஒருக்களித்துத் திரும்பி, நாலு காலில் தவழ்ந்து நாற்காலிக்குப் போய், அதில் கையை ஊன்றி எழ வேண்டும். அக்கா எங்கள் வீட்டுக் கூடத்தில் முயன்று பார்த்தாள். தவழ்ந்து நாற்காலி வரைக்கும் போனாள். அதோடு சரி. மேலே எழும்ப உடம்பு வழி காட்டவில்லை. குனிந்த தலை குனிந்தபடி,

“சாமி முன்னாலகூட நான் இப்படிக் கெடந்ததில்லடா” என்றாள்.

நான்தான் தூக்கி உட்காரவைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அவள் இங்கேயே இருந்துவிடுவாள், நான் பேருந்தில் உட்கார்ந்துகொண்டு பயப்பட வேண்டாம். முகத்தில் எதையும் காட்டவில்லை என்றுதான் நினைத்தேன்.

“சந்தோசமாடா?” என்று கேட்டாள் அக்கா.

நான் கார்ச் சாவியைத் தேடுகிற மாதிரி எழுந்து போனேன்.

அடுத்த வாரம் அந்தச் சீனப் பெண்ணிடம் நான் இதைச் சொன்னேன். அவர் அக்கா எதிரில் உட்கார்ந்து, முன்பு என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். பால்மரம் வெட்டினேன் என்றாள் அக்கா. பாலை எப்படித் தூக்கி வருவீர்கள்? காண்டாக் கம்பில். அதாவது தோளில் குறுக்கே ஒரு கம்பு, இரண்டு முனையிலும் ஒவ்வொரு வாளி. நிறைந்த வாளியோடு தரையிலிருந்து எப்படி எழுவீர்கள்?

“இதென்ன கேள்வி” என்றாள் அக்கா தமிழில், என்னைப் பார்த்து.

சுவரோரம் தரை துடைக்கிற மாப் ஒன்று சாய்ந்திருந்தது. அதைக் கொண்டுவரச் சொல்லி, கட்டில் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு முட்டியைத் தரையில் ஊன்றினாள். மற்றக் காலைத் தட்டையாக முன்னால் வைத்தாள். மாப் கட்டையைத் தோளில் வைத்தாள். “இப்ப இடுப்பால தூக்கக் கூடாது. தூக்குனா பாலு கொட்டிப்போயிரும். குதிகாலு தரையைத் தள்ளணும். மூச்ச விட்டுகிட்டே...”

பேசிக்கொண்டே எழுந்து நின்றுவிட்டாள். நின்ற பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

“அதேதான்லா அம்மா!” என்று அந்தப் பெண் மலாயில் கத்தினார். “இவ்வளவு நாளும் நான் கேட்டது அதைத்தான்!”

“அத முன்னாடியே சொல்றதுக்கென்ன? நாய் மாதிரி தவழச் சொன்னா யாருக்குக் காலு வரும்?”

தோளில் பாரம் ஏற்றவே கூடாது, முதுகெலும்பு தாங்காது, வாளி காலியாக இருக்கட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து எங்கள் மாடி நடைபாதையில் காலையில் அக்காவின் ஊர்வலம்தான். தோளில் மாப் கட்டை, இரண்டு பக்கமும் காலிப் பிளாஸ்டிக் வாளி. கதவுக்குக் கதவு நின்று, முட்டி போட்டு, எழுவாள். ஒவ்வொரு கதவும் அவளுக்கு ஒரு மரம். “மரத்துக்கு மரம்தான்டா கணக்கு. மொத்த நிரையையும் பாத்தா கத்திய கீழ போட்டுட்டு வீட்டுக்குப் போயிருவோம்” என்பாள். கடைசி வீட்டுச் சீனக் கிழவர் பறவைக் கூண்டைத் துடைத்துக்கொண்டே ஒருநாள் கேட்டார்: “ஜுவால் அப்பா?” என்ன விற்கிறாய் என்று.

“தௌஃபூஃபா!” என்றாள் அக்கா. அந்தக் காலத்தில் இப்படித் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்பார்களே, சோயாவில் செய்த அந்த இனிப்பு. கிழவர் சிரித்த சிரிப்பில் கூண்டுக்குள்ளே பறவை பயந்துபோனது. மறுநாளிலிருந்து, “எனக்கு ரெண்டு கிண்ணம்” என்று அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு தடவை வாளிக்குள்ளே தண்ணீர் இருப்பதை நான் பார்த்துவிட்டேன்.

“என்னக்கா இது? காலியா இருக்கணும்னு சொன்னாங்களே?”

“ஒரு குவளைதான்டா. காலி வாளியத் தூக்குனா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?”

கொட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. “ரெண்டு பேரும் வாங்க, பெரட்டு” என்று அக்காவின் குரல். சமையற்கட்டுக்குப் போனோம். அடுப்பில் கெத்தல் வைத்திருந்தாள். தண்ணீர் கொதிப்பதற்குள் எழுந்துவிடுவேன் என்றாள். நாங்கள் என்ன ஏது என்று கேட்பதற்குள், நாற்காலியைப் பிடித்து மெல்ல இறங்கி, தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். அன்றைக்கு விழுந்து கிடந்தபடியே.

கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தாள். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஒருக்களித்தாள். முழங்கையை ஊன்றி எழும்பிப் பார்த்தாள், சரிந்தது. மறுபடி ஊன்றினாள். நாலு காலில் வந்தாள். அதற்கே மூச்சு வாங்கியது. ஒரு காலை முன்னால் கொண்டுவரப் பார்த்தாள். பாதி வழியில் கைலி சிக்கிக்கொண்டது. கெத்தல் விசிலடிக்க ஆரம்பித்தது. அவள் இன்னும் தரையில்தான் இருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. குனிந்து கையை நீட்டினேன்.

“கைய எடு” என்றாள். “உன் கை தாசேக்குல இருக்காது.”

எடுத்துவிட்டேன். கைலியைத் தானே விலக்கினாள். பாதத்தைத் தட்டையாக வைத்தாள். ஒரு கை நாற்காலியில். தோளை எதற்கோ கொடுக்கிற மாதிரி கொஞ்சம் சாய்த்தாள். மூச்சை விட்டாள். எழுந்தாள். தொடை நடுங்கியது, தாடை நடுங்கியது, நிற்க மட்டும் நின்றாள். நின்றதோடு இல்லை, இரண்டு எட்டு வைத்துப் போய் அடுப்பை அணைத்தாள்.

“தண்ணி ஜெயிச்சிருச்சு” என்றாள். “பரவால்ல. தண்ணிகிட்டத்தான தோத்தேன். ஏ புள்ள, தேத்தண்ணி கலக்கு. உம் புருசன் பேச்சு மாறமாட்டானாம்.”

அடுத்த சனிக்கிழமை, கடல் பாலத்தைக் கடந்து அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மலாய்க்காரம்மா வேலியோரம் காத்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் அக்கா வாசல் விளக்கை அணைக்க வேண்டும், அணையாவிட்டால் அவர் உள்ளே வந்து பார்ப்பார் என்று இரண்டு பேரும் ஏற்கெனவே தொலைபேசியில் பேசி வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாமல்!

நான் எவர்சில்வர் கைப்பிடிக் கம்பியும் துளை போடும் மிஷினும் கொண்டுபோயிருந்தேன். படுக்கையறையிலிருந்து குளியலறை வரைக்கும் பொருத்த வேண்டும். எந்த உயரத்தில் என்று தெரியவில்லை. நான் அடித்த வெள்ளைச் சாயத்தில் அந்தக் கோடு மறைந்துபோயிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், எண்ணெய்க் கறையாயிற்றே, லேசாக மஞ்சளாக மேலே கசிந்திருந்தது. சரி, இதுதான் அளவு என்று பென்சிலை எடுத்தேன். அப்புறம் என்னமோ தோன்றி, “அக்கா, ஒரு தடவை சுவரைப் பிடிச்சு நடந்து காட்டேன்” என்றேன்.

அவள் உள்ளங்கையைச் சுவரில் வைத்து நடந்தாள். கை விழுகிற இடத்திலெல்லாம் நான் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே பின்னால் போனேன். குளியலறை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். என் புள்ளிகள் எல்லாம் பழைய கோட்டின் நடுவுக்கு இரண்டு விரல் கீழே இருந்தன. இத்தனை முட்டை, இத்தனை மாத்திரை, மாடி முழுக்க முட்டி போட்டு எழுந்த எழுச்சி, எல்லாம் இருந்தும் அக்கா குள்ளமாகியிருந்தாள்.

அவளும் புள்ளிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டைப் பார்த்தாள், புள்ளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புள்ளிக்குக் கீழே தன் விரல் இரண்டைச் சுவரில் வைத்துக் காட்டினாள்.

“கம்பிய இன்னும் ரெண்டு வெரல் கீழ வைடா தம்பி” என்றாள். “அடுத்த வருசத்துக்கும் ஆகும்.”